வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு

கேள்வி: மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வயதுச் சிறுவன் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. வீட்டு மொழி வேறு. வகுப்பில் வாய் திறப்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு வரும் மனநல ஆலோசகர் இதை எப்படி அணுக வேண்டும்?

பதில்: இது இன்ன கோளாறு என்று பெயர் சூட்டுவதற்கு முன் பெற்றோரிடம் கேட்க வேண்டும். "வீட்டில் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறான்? பெரியவர்கள் முன் பிள்ளை எப்படி இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்?" பெரியவர் முகத்தை நேராகப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கும் வீடுகள் உண்டு. அதே பிள்ளை அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் கண் பார்த்துச் சிரிக்கிறான் என்றால் கவலை குறையும். வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிடித்ததைச் சுட்டிக் காட்டுவதில்லை என்றால், கலாசாரம் என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். செவித்திறன் சோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும் உடனே தேவை. இப்படித் தள்ளிப்போடும் தவறும், அவசரப்பட்டுப் பெயர் சூட்டும் தவறு அளவுக்கே பிள்ளையைப் பாதிக்கும்.

புது மொழிக்குள் வரும் குழந்தை சில வாரம், சில மாதம்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கம். 'செலக்டிவ் மியூட்டிசம்' (வீட்டில் பேசும் குழந்தை, பள்ளி போன்ற சில இடங்களில் பதற்றத்தால் பேச முடியாமல் போவது) என்று சொல்ல, பேசாமை ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும். பள்ளி சேர்ந்த முதல் மாதம் கணக்கில் வராது. மொழி தெரியாததே காரணமென்றால் அந்தப் பெயர் பொருந்தாது. வீட்டில் தாராளமாகப் பேசுபவன், பள்ளியில் தன் மொழிக்காரரிடமும் பல வாரம் பேசாவிட்டால் அப்போது சந்தேகிக்கலாம்.

மொழிபெயர்க்க அக்காவையோ அண்ணனையோ உட்கார வைக்காதீர்கள். பெற்றோர் மனம் திறக்க மாட்டார்கள், அந்தப் பிள்ளைக்கும் அது சுமை. வெளியாள் வந்தால் முன்கூட்டியே பத்து நிமிடம் பேசி, சுருக்காமல், மென்மையாக்காமல் சொல்லச் சொல்லுங்கள். 'மனநலம்' என்ற சொல் சில மொழிகளில் பைத்தியம் என்றே போய்ச் சேரும். தூக்கம், பயம், விளையாட்டு, அழுகை என்று கேட்டால் பதில் வரும்.

மதிப்பீட்டுப் படிவத்தை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. 'தானே ஸ்பூனால் சாப்பிடுகிறானா?' என்பதற்கு, ஊட்டி வளர்க்கும் வீட்டில் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அங்கே குறைவது வாய்ப்பு. ஸ்பூனைக் கையில் கொடுத்து சில நாள் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

கேள்வி: வீட்டிலும் பள்ளி மொழியே பேசச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். நீங்கள் அவன் மொழியில் 'தண்ணீர்', 'வலிக்கிறதா', 'அம்மா வருவாள்' என்ற மூன்றையாவது இந்த வாரமே கற்றுக்கொள்ளுங்கள்.