கேக் பாப்பை எதுல சொருகி வைக்கறது? வாசகர் கேள்வி பதில்

அக்கா, பொண்ணோட அஞ்சாவது பர்த்டேக்கு வீட்லயே 40 கேக் பாப் (கேக் தூளை க்ரீமோட உருண்டை பிடிச்சு, குச்சில சொருகி, சாக்லேட்ல முக்கறது) பண்ணப் போறேன். போட்டோல எல்லாம் தெர்மாகோல்ல வரிசையா குத்தி அவ்ளோ அழகா வெச்சிருக்காங்க. நல்ல தெர்மாகோல் எங்க கிடைக்கும்? வேற ஐடியா இருந்தாலும் சொல்லுங்க.
- வாசகி, பெரம்பூர்

குட்டிப் பொண்ணுக்கு என் வாழ்த்துக்கள்மா. தெர்மாகோலைத் தேடியே போகாதீங்க. 2022 ஜூலை 1லேர்ந்து நாடு முழுக்க தடை பண்ண பிளாஸ்டிக் லிஸ்ட்ல அலங்கார தெர்மாகோலும் இருக்கு, மிட்டாய்க்கு சொருகுற பிளாஸ்டிக் குச்சியும் இருக்கு, அதனால குச்சியும் பேப்பர் குச்சியாவே கேட்டு வாங்கிடுங்க. சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் கேக் சாமான் விக்கிற கடைங்கள்ல 4 இன்ச், 6 இன்ச்னு ரெண்டு சைஸ்ல வரும், ரெண்டுமே கொஞ்சம் வாங்குங்க, பின் வரிசைக்கு நீளம், முன் வரிசைக்கு குட்டை, அப்பதான் எல்லா உருண்டையும் கண்ணுக்குத் தெரியும்.

தடையே இல்லேன்னாலும் நான் தெர்மாகோல் வேணாம்னுதான் சொல்லுவேன். ஒரு பாப் 30 கிராம்னு வெச்சாக்கூட 40 பாப் 1 கிலோ 200 கிராம், அந்த வெயிட் முழுக்க மேல நிக்குது, கீழ இருக்கற தெர்மாகோலுக்கு வெயிட்டே கிடையாது, ஒரு குழந்தை ஓரத்துலேர்ந்து நாலு உருவுச்சுன்னா மொத்தமும் மறுபக்கம் சாஞ்சிடும். கேக் பாப் வைக்கறதுல மத்ததெல்லாம் அப்புறம், அடி கனமா இருக்கணும், குழந்தை ஒரு கையால உருவினா பக்கத்துல இருக்கறது ஆடக்கூடாது, இது ரெண்டும்தான் முக்கியம். பொக்கேக்கு சொருகுற பச்சை ஸ்பாஞ்சும் வேணாம், அது சாப்பாட்டுப் பொருளுக்குன்னு செஞ்சது இல்ல, குத்தினாலே தூளா உதிரும்.

உங்க வீட்ல இல்லேன்னா அம்மா வீட்டு லாஃப்ட்ல மடக்கி வெச்ச கொலு படி இருக்கும் பாருங்க, அதை இறக்குங்க. மூணு படி போதும். நல்ல காட்டன் துணி இல்லேன்னா பழைய பட்டுப் புடவை (மேல ஒரு பட்டர் பேப்பர் போட்டுக்கோங்க, சாக்லேட் பட்டா கறை போகாது), அதுமேல எவர்சில்வர் டம்ளர்கள். டம்ளர் நிறைய பச்சரிசி போட்டு தட்டித் தட்டி அமுக்கி, ஒரு டம்ளருக்கு மூணு பாப், குச்சி பாதியாவது அரிசிக்குள்ள போகணும். அரிசி கனம், டம்ளர் அசையாது, பார்ட்டி முடிஞ்சதும் அரிசி டப்பாக்கே போயிடும். கல்லுப்பு போட்டா பளபளன்னு இருக்குமேன்னு தோணும், வேணாம்மா, நம்ம ஊரு காத்துல உப்பு கசிஞ்சு பேப்பர் குச்சி ஊறி வளைஞ்சிடும். படி ரொம்ப உயரமும் வேணாம், அஞ்சு வயசுப் பசங்க கைக்கு எட்டற மாதிரி டீப்பாய் மேல வெச்சாலே போதும்.

குச்சி மேல பாக்கற மாதிரி, உருண்டை கீழ இருக்கற மாதிரி தலைகீழா வைக்கறதும் ஒரு முறை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா சாயறதுக்கு வழியே இல்ல. இதுக்கு பணியாரக் கல்லு இருக்கே, அது இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். நல்லா தேச்சுக் கழுவி எண்ணெய் வாசனை போனதும் குழிக்கு ஒரு குட்டி பேப்பர் கப், அதுல ஒரு பாப். பல்லாங்குழி பலகை இருந்தா இன்னும் அழகு, ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி, ஒரு குழி சிவப்பு ஒரு குழி வெள்ளைன்னு மாத்தி மாத்தி வெச்சீங்கன்னா வர்ற பாட்டிங்க எல்லாம் முதல்ல அங்கதான் நிப்பாங்க. ஆனா தலைகீழா வைக்கணும்னா டிப் பண்ணதுமே பட்டர் பேப்பர்ல தலைகீழா வெச்சுதான் காய விடணும், உச்சி தட்டையா ஆகும், அதனால கண்ணு மூக்கு வரையற டிசைனுக்கு இது சரிப்படாது.

பெரிய ஹால்னா வாழை மரத் துண்டு. வாசல்ல கட்டற மரத்துலேர்ந்து ரெண்டு அடி வெட்டி படுக்க வெச்சு, உருளாம இருக்க அடில ஒரு பக்கம் சீவிட்டு, மூங்கில் குச்சியால முதல்ல ஓட்டை போட்டுட்டு அப்புறம் பாப்பை சொருகணும். வாழைல தண்ணியும் கறையும் ரொம்ப, பேப்பர் குச்சியோட அடிப்பாகத்துல ஃபாயில் சுத்திடுங்க, பார்ட்டிக்கு கொஞ்ச நேரம் முன்னாடி சொருகினா போதும். ரெண்டு பாப்புக்கு நடுவுல ரெண்டு இன்ச்சாவது இடம் விடுங்க, நெருக்கமா இருந்தா எடுக்கும்போது பக்கத்து உருண்டைல இடிச்சு கோட்டிங் உடையும்.

மே மாசம் மொட்டை மாடில சாயங்காலம் பார்ட்டி. கேக் பாப் வெளிய வெச்சா தாங்குமா அக்கா? ஐஸ் மேல வைக்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

கஷ்டம்தான்மா. கோகோ பட்டர் இருக்கற நிஜ சாக்லேட் 34 டிகிரி கிட்ட உருகிடும், கத்திரி வெயில்ல மாடித் தரை ராத்திரி வரைக்கும் சுடும். காம்பவுண்ட் சாக்லேட் (கோகோ பட்டருக்குப் பதிலா வேற கொழுப்பு சேர்த்தது) கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அதுவும் கைல ஒட்டும். ஐஸ் இன்னும் மோசம், ஜில்லுனு இருக்கற பாப் மேல நம்ம ஊரு ஈரக் காத்து பட்டதும் வேர்த்து ஊத்தும், மேல தூவின கலர் எல்லாம் கரைஞ்சு வழியும். ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தீங்கன்னா டப்பாவைத் திறக்காம அப்படியே ஏசி ரூம்ல அரை மணி நேரம் வைங்க, குளிர் போனப்புறம் திறங்க, அப்ப வேர்வை டப்பா வெளிலயே நின்னுடும். மொத்தத்தையும் மாடிக்கு ஏத்தாதீங்க. டிஸ்ப்ளேவை கீழ ஏசி ரூம்லயே வெச்சிட்டு, கேக் வெட்டினதும் 10, 12ன்னு பணியாரக் கல்லுல வெச்சு மேல கொண்டு போங்க, தீர்ந்ததும் அடுத்த ஈடு. எறும்புக்கு டேபிள் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள வெச்சிடுங்க, துணி தரையைத் தொடாம பாத்துக்கோங்க, அது வழியாவே ஏறிடும்.

நாத்தனாருக்கு வளைகாப்பு. ஸ்வீட்டோட கேக் பாப்பும் வைக்கலாம்னு ஆசை, அந்த ஃபங்ஷனுக்குப் பொருந்தற மாதிரி எப்படி வைக்கறது?
- வாசகி, மடிப்பாக்கம்

உங்க ஆசை ரொம்ப நல்ல ஆசைமா. பித்தளைத் தாம்பாளத்துல வாழை இலை விரிச்சு, ஒவ்வொரு பாப்பையும் குட்டி பேப்பர் கப்ல தலைகீழா வெச்சு, அதைச் சுத்தி ரெண்டு கண்ணாடி வளையலைப் போடுங்க. வர்றவங்க பாப்பை எடுக்கும்போது வளையலையும் எடுத்துப்பாங்க, வெத்தலை பாக்கோட சேர்ந்து தாம்பூலமே ஆயிடும். ஜிகினா ஒட்டின வளையல் வேணாம், அது உதிர்ந்து சாக்லேட்ல ஒட்டும், பிளெய்ன் பச்சை சிவப்பு எடுங்க, உடைசல் ஒண்ணு கூட இல்லாம நீங்களே கைல எடுத்துப் பாத்துட்டு வைங்க, இதை வேற யார்கிட்டயும் விடாதீங்க. கோட்டிங்ல வளையல் கலரையே கொண்டு வந்தா நாத்தனார் முகத்தைப் பாருங்க அப்புறம்.

எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் முட்டை சாப்பிட மாட்டாங்க. ரெண்டு வகையும் பண்ணி ஒரே ஸ்டாண்ட்ல வைக்கலாமா?
- வாசகர், அம்பத்தூர்

ஒரே ஸ்டாண்ட் வேணாம் தம்பி. ரெண்டு டிரே, ரெண்டு டேபிள். பாக்கெட் சாமான்ல பச்சை வட்டம் வெஜ், முட்டை சேர்ந்தா பிரவுன் முக்கோணம், எல்லாருக்கும் பழகின அடையாளம், அதையே அட்டைல வரைஞ்சு முன்னாடி நிறுத்திடுங்க. குச்சிலயும் பச்சை நூல், பிரவுன் நூல் கட்டிடுங்க, ஏன்னா ஒருத்தர் எடுத்துப் பாத்துட்டு மாத்தி அந்த டிரேல வெச்சிட்டுப் போவார். நட்ஸ் போட்டிருந்தா அதையும் அட்டைல எழுதுங்க.

சொருகி வெச்ச கொஞ்ச நேரத்துல உருண்டை குச்சிலயே வழுக்கி கீழ இறங்குது, சில உருண்டைல கோட்டிங் வெடிக்குது. ஏன்?
- வாசகி, குரோம்பேட்டை

வழுக்கறதுக்கு ரெண்டு காரணம், க்ரீம் ஜாஸ்தி இல்லேன்னா உருண்டை பெருசு. கேக் தூளை க்ரீமோட பிசைஞ்சா கொழுக்கட்டை மாவு பதத்துல பிடிக்க வரணும், கைல ஒட்டக்கூடாது. குச்சி முனையை உருக்கின சாக்லேட்ல முக்கிட்டு பாதி உருண்டை வரைக்கும் மட்டும் சொருகி அதை இறுக விடுங்க, அப்புறம்தான் முழுசா டிப். வெடிக்கறது எதனாலன்னா ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உருண்டையை சூடான சாக்லேட்ல முக்கறதால, உள்ள இருக்கற கேக் குளிர் விட்டு விரியும், வெளில ஓடு அதுக்குள்ள இறுகியிருக்கும், விரிசல் விட்ருது. ஃப்ரீசர் வேணாம், ஃப்ரிட்ஜ் குளிர் போதும், சாக்லேட்டும் வெதுவெதுப்பா இருந்தா போதும். மூணு வயசுக்கு கீழ குழந்தைங்க வந்தா அவங்களுக்கு குச்சியோட தராதீங்க, குச்சியை எடுத்துட்டு நாலா வெட்டி தட்டுல குடுங்க.

கேக் பாப் டேபிளை நிஜப் பூவால அலங்கரிக்கணும், கோயம்பேட்ல எந்தப் பூ வாங்கலாம்?
- வாசகி, அண்ணா நகர்

அரளியை மட்டும் தொடாதீங்க, கலர் நல்லா இருக்கும், ஆனா செடி முழுக்க விஷம், சாப்பாட்டு டேபிள் பக்கமே வரக்கூடாது. மார்க்கெட் ரோஜால மருந்து அடிச்சிருப்பாங்க, அதையும் பாப் மேலயோ குச்சிலயோ ஒட்ட வைக்காதீங்க. உருண்டையைத் தொடற இடத்துல கழுவித் துடைச்ச வெத்தலையும் வாழை இலையும் போதும், பூ வெச்சே ஆகணும்னா டேபிளோட ரெண்டு ஓரத்துலயும் பித்தளைச் சொம்புல தண்ணி ஊத்தி தனியா வைங்க.