பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள்

கேள்வி: புதுச்சேரிக்கு அருகே கடலோரத்தில் கூடாரம் அமைத்து, குடும்பத்தோடு ஓர் இரவு தங்கினோம். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் பெரியவர் துணையின்றி எங்கள் அடுப்பைச் சுற்றி ஓடினார்கள். இருட்டிய பின் அலையோரம் வரை போனார்கள். பிறர் பிள்ளைகளைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டா?
– வாசகி, கடலூர்

பதில்: கண்டிப்பது வேறு, ஆபத்திலிருந்து தடுப்பது வேறு, தடுப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் கடலூரின் வெள்ளிக் கடற்கரையை (சில்வர் பீச்) அறிந்த உங்களுக்கு இது புதிதாக இராது: கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அலை அடங்கியதுபோல் தெரியும் இடத்தில்தான் இருக்கும், நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரையே அது இழுத்துச் சென்றுவிடும். எனவே குழந்தை தண்ணீரை நோக்கி நடந்தால் முதலில் குரல் கொடுத்து நிறுத்துங்கள். பெற்றோரைப் பிறகு தேடலாம்.

அடுப்பைப் பொறுத்தவரை, மணல் போட்டு மூடினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, மிகவும் ஆபத்தான தவறு. மணலுக்கடியில் தணல் கண்ணுக்குத் தெரியாமல் பல மணி நேரம் சுட்டுக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். கூடாரக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டினால் இருட்டில் இடறமாட்டார்கள்.

பெற்றோரிடம், “அக்கா, தம்பி அலைப் பக்கம் போனான், கூப்பிட்டு வந்தேன்” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். வளர்ப்பைக் குறை சொன்னால் பேச்சு சண்டையாகிவிடும். அவர்கள் பொருட்படுத்தாவிட்டால் முகாம் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098, உயிருக்கு ஆபத்தென்றால் அவசர உதவி எண் 112 என்ற எண்ணை அழையுங்கள்.