நின்றுபோன மெஷின்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து வேலூரில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கிறார்கள். தினமும் ஆம்பூரிலிருந்து முதல் பஸ். போன வாரம் “அவுட்புட் சரியில்லை, செக் பண்ணுகிறார்கள்” என்று மதியம் வரை உட்கார வைத்து, மறுநாள் வரச் சொன்னார்கள். கோபத்தில் அங்கிருந்த டெக்னீஷியன் பெண்ணைத் திட்டிவிட்டேன். பழுதான மெஷினை நம்பலாமா? சென்னைக்கு மாற்றிவிடலாமா? அம்மா பேரனைத் தூக்கலாமா?

ர., ஆம்பூர்

அன்புள்ள ர.,

பேரனைத் தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் மெஷின் நின்றதும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. சென்னையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். “பழுதான மெஷின்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அவுட்புட் என்றால் மெஷின் வெளிவிடும் கதிரின் அளவு. கதிர் பாயும்போது வலிக்காது, சுடாது. இன்று கூடிப்போனதா குறைந்துபோனதா என்று படுத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. கூடினால் தோல் வெந்த பிறகு தெரியும். குறைந்தால் கட்டி திரும்பி வந்த பிறகு தெரியும். அதனால்தான் மெஷின் தலைக்குள்ளேயே இரண்டு அயனி அறைகள், அதாவது கதிரை அளக்கும் சின்னக் கருவிகள், கதிரைத் தனித்தனியாக எண்ணுகின்றன. ஒன்று கோட்டைவிட்டால் மற்றது நிறுத்தும். அதையும் முழுசாக நம்பாமல், காலையில் முதல் நோயாளியைப் படுக்க வைக்கும் முன் வேறொரு கருவியால் அளந்து பார்க்கிறார்கள். பொதுவாக 3 சதவீதத்துக்கு மேல் தள்ளிப்போனால் காரணம் தெரியும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை.

என் சித்தப்பாவுக்குச் சிகிச்சை நடந்தபோது, திறந்திருந்த கதவு வழியாக மெடிக்கல் பிஸிசிஸ்ட் ஒருவர், கதிரின் அளவைச் சரிபார்க்கும் நிபுணர், அளக்கத் தயாராவதைப் பார்த்தேன். சின்ன வயது. நோயாளி படுக்கும் பலகைமேல் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் பென்சில் பருமனில் ஒரு குழல். கதிரை அளக்கும் முன் அவர் தெர்மாமீட்டரையும் பாரோமீட்டரையும் பார்த்து நோட்டில் எழுதினார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். குழலுக்குள் இருப்பது இதே அறைக் காற்றுதான், சூடேறினால் காற்று லேசாகி அளவு குறைத்துக் காட்டும், 3 டிகிரிக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்றார். வேலூர் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அந்தக் குறைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இன்னொரு 2 சதவீதத்துக்கு மேல் பிசகும். நம் ஊர் வெயிலையும் மேட்டையும்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்ட அந்தப் பிள்ளையை, டாக்டரைக் கும்பிட்டுப் போன யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

1996இல் கோஸ்டா ரிக்காவில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை மெஷினில் கதிர் வீசும் புதுக் கோபால்ட் உலோகத்தை வைத்தார்கள். அளந்தபோது 0.3 நிமிடத்தை 30 நொடி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது 18 நொடி. ஒரு நிமிடத்தில் பாயும் கதிரின் அளவு கணக்கில் குறைவாக ஏறியது. ஒவ்வொருவரையும் வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரம் கதிருக்கடியில் படுக்க வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள். பலர் செத்தார்கள். அங்கே மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, யாரையும் மதியம் வரை உட்கார வைக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், பயப்பட வேண்டியது எந்த மெஷினுக்கு?

விடியற்காலையில் நோயாளியான அம்மாவை பஸ் ஏற்றிக் கூட்டிவரும் பிள்ளையின் அலுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக அந்தப் பெண்ணைத் திட்டுவதா? சந்தேகம் வந்ததும் உங்கள் அம்மாவை உள்ளே விடாமல் தடுத்தவர் அவர். நாளைக்குப் போனதும் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு பிஸிசிஸ்டைப் பார்த்து, அன்றைக்கு எவ்வளவு தள்ளியிருந்தது, என்ன சரிசெய்தீர்கள், விட்டுப்போன நாளைக் கடைசியில் சேர்ப்பீர்களா என்று தன்மையாகக் கேளுங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.