"அவங்க ஏன் தலையை மூடியிருக்காங்க?" குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

காரைக்குடி சந்தையில் உங்கள் ஐந்து வயது மகள் ஹிஜாப் அணிந்த ஒருவரைக் காட்டிச் சத்தமாகக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முதலில், "உஷ்" என்று வாயைப் பொத்தாதீர்கள். அதில் ஏதோ தப்பு இருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

நான் என் மகளிடம் சொன்னது இதுதான்: "அப்பா சபரிமலைக்கு மாலை போட்டா கருப்பு வேட்டி கட்டுறார்ல? அவங்களும் சாமிக்குப் பிடிக்கும்னுதான் தலையை மறைக்கிறாங்க." அந்த வயதுக்கு இது போதும். பெரிய பிள்ளை என்றால் குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தைச் சொல்லலாம். 31ஆம் வசனம் பெண்களின் முக்காட்டைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு முந்தைய வசனம் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்து, "வீட்டுலயுமா?" என்று வரும். கணவர், அப்பா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மற்ற பெண்கள் முன்னால் தேவையில்லை. பக்கத்து வீட்டு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முற்றத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் போய், "உங்களுக்கும் முடி இருக்கா!" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டார். அரை மணி நேரம் சிக்கெடுத்தாள்.

அப்புறம், எல்லா முஸ்லிம் பெண்களும் அணிவதில்லை. "பாவம், வேர்க்குமே" என்று மட்டும் குழந்தை முன்னால் பேசாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவர்களிடமே மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள்.