நவம்பரில் ஒரு கவாத்து

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கி ஐந்து வருடங்கள் ஆகின்றன. வாசலோரம் மூன்று ஃபோர்சித்தியா புதர்கள் உள்ளன, வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் வகை. நவம்பர்தோறும் மின்கத்தரியால் பந்துபோல் ஒழுங்காக வெட்டிவிடுகிறேன். புல்தரைக்குப் போடும் உரத்தையே இதற்கும் போடுகிறேன். இலை செழிக்கிறது, ஏப்ரலில் பூ மட்டும் இல்லை. அடியில் நாலைந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. வேறென்ன உரம் போடலாம்? பூத்தால் சித்திரை முதல் நாள் கனித் தட்டில் கொன்றைக்குப் பதிலாக வைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொன்றை விஷயத்தைச் சாமியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உரம் வேண்டாம். புல்லுக்கான உரத்தில் தழைச்சத்துதான் மிகுதி, அது இலையைத்தான் வளர்க்கும். அதையும் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘ஒழுங்காக’ என்ற சொல். வில்லாக வளைந்து, நுனி தரையைத் தொட்டால் அங்கேயே வேர்விட்டு இன்னொரு செடியாகிவிடும் ஒரு புதரைப் பந்தாக்குவதில் என்ன ஒழுங்கு? வில்லியம் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரின் பெயர் இந்தச் செடிக்கு. வெட்டுப்பட்ட மரங்களின் காயத்தில் பூச, சாணியும் சுண்ணாம்பும் சாம்பலும் குழைத்து மருந்து செய்தவர். அது பலித்ததா என்று அன்றே சண்டை நடந்தது. ஆனாலும் மரத்தின் காயத்துக்காகக் கவலைப்பட்ட மனிதர். அவர் பெயர்கொண்ட செடியிடமா மின்கத்தரியோடு போகிறீர்கள்?

கோபம் உங்கள்மேல் அல்ல. இதே தவற்றை நானும் செய்தேன். எங்கள் அப்பா திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருந்தார். கார்த்திகையில் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டு, முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்வார். தோட்டம் மொட்டையாக நிற்கும். பங்குனியில் கூடை கொள்ளாது. மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும், அதனால் எவ்வளவு வெட்டினாலும் லாபம். அந்தத் திமிரோடு ஒரு நவம்பரில் அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஃபோர்சித்தியா மல்லிகைக் குடும்பத்துச் செடி என்று எங்கோ படித்திருந்தேன். போதாதா? அக்கா வாசலில் நின்ற ஃபோர்சித்தியாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன்.

குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. ஃபோர்சித்தியா பூப்பது முந்தைய வருடக் கிளையில். இந்த ஏப்ரலின் பூ போன கோடையிலேயே கருக்கொண்டுவிடுகிறது. இலை உதிர்ந்ததும் ஒரு குச்சியைக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு, நெல்மணியைவிடச் சிறிதாக, கூராக, ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கும். அவைதான் பூ. பனிக்காலம் முழுவதும் அப்படியே காத்திருக்கும். நவம்பரில் நீங்கள் அடுத்த ஏப்ரலை வெட்டிக் குப்பைப் பையில் கட்டி வாசலில் வைக்கிறீர்கள். அடியில் பூத்த நாலைந்தும் உங்கள் கத்தரிக்கு எட்டாமல் பிழைத்தவை.

நான் வெட்டியதற்கு அடுத்த ஏப்ரலிலும் அங்கே இருந்தேன். தெரு முழுக்க மஞ்சள், அக்கா வாசலில் மட்டும் வெறும் பச்சைத் துளிர். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்திரைப் பிறப்புக்கு முதல் நாள், பக்கத்து வீட்டு அம்மாளிடம் தட்டில் வைக்க ஒரு கொத்து கேட்கப் போனாள், நானும் கூடப் போனேன். அந்த அம்மாளுக்கு எண்பது வயதிருக்கும். உள்ளே போய் ஒரு கைரம்பத்தோடு வந்தார். கொத்தைக் கிள்ளவில்லை. குனிந்து, கட்டைவிரல் தடிமனுள்ள கிழட்டுத் தண்டுகள் நாலைந்தைத் தரையோடு அறுத்தார். மூன்றில் ஒரு பங்கு புதரே போய்விட்டது. ஆளுயர மஞ்சள் கிளைகளை அக்காவின் கையில் திணித்தார். ஒரு கொத்து கேட்கப்போய் செடியையே அழித்துவிட்டோமே என்று நான் பதறினேன்.

“இப்போதுதான் வெட்டவேண்டும்” என்றார் அவர், எங்கள் வாசல் பக்கம் பார்க்காமல்.