கார் பெயிண்டில் வெள்ளை வட்டங்கள்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். போர்வெல் தண்ணீரில்தான் கார் கழுவுகிறோம். கறுப்பு பெயிண்டிலும் கண்ணாடியிலும் வெள்ளை வட்டங்கள், எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லையே?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், கீறல்தான் விழும். அது தண்ணீர் காய்ந்தபின் தங்கிய கால்சியம், மக்னீசியம் உப்பு, உங்கள் கெய்சருக்குள் படிகிற அதே வெள்ளைதான். ஷாம்பூவுக்கு அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, வண்டியை நிழலில் நிறுத்தி பானட் சூடு ஆறியதும், நனைத்த துணியைக் கறைமேல் ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள், வட்டத்தின் ஓரம் மங்குவது தெரியும், அப்புறம் நன்றாக அலசி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றிவிடுங்கள். விரல் நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் பெயிண்டே அரித்திருக்கிறது, பாலிஷ்தான் வழி. இனி கடைசி அலசலுக்காவது ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள்.