கார் ஹீட்டரில் காற்று வருகிறது, ஆனால் சூடே இல்லை. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்று வேகமாக வருகிறதென்றால் காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டாரில் குறையில்லை, அதை விட்டுவிடுங்கள். பெட்ரோல், டீசல் வண்டிகளில் சூடு வருவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்ட் திரவத்திலிருந்து. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சிறிய ரேடியேட்டருக்குச் சூடான கூலன்ட் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். ரேடியேட்டரில் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கூலன்ட் டேங்க் நிறைந்திருந்தும் ரேடியேட்டர் குறைந்திருப்பது உண்டு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

அளவு சரியாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்ததும், இன்ஜின் அறையின் பின்சுவர் வழியாக உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக்கூடாது.

இரண்டும் நல்ல சூடு என்றால் கூலன்ட் பக்கம் பிரச்சினை இல்லை. காற்றைக் கோர் வழியாகத் திருப்பும் பிளெண்ட் டோர் நகரவில்லை. சூட்டுக் குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று கேட்டால் பெரும்பாலும் அந்த டோரை நகர்த்தும் சிறிய மோட்டாரான ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். கேபிள் வைத்த பழைய வண்டிகளில் கேபிள் கழன்றிருக்கலாம்.

ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோருக்குக் கூலன்ட்டை விடும் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது. கோரை மாற்றப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால் முதலில் கழுவிப் பாருங்கள். ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில், தெளிவாக வரும்வரை மெதுவாக விடுங்கள். அழுத்தம் கூடினால் மெல்லிய குழாய்கள் கிழிந்துவிடும். கசிவை அடைக்க ரேடியேட்டரில் ஊற்றும் மருந்துகளும் இந்த அடைப்புக்குக் காரணமாகலாம். தயவுசெய்து அவற்றைத் தவிருங்கள்.

இரண்டுமே வெதுவெதுப்பு என்றால், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் அடைத்துவைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் வரவேண்டும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தபின் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் முள் கீழே இறங்குவதும் இதே அறிகுறி.

ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் காற்று குளிர்ந்து, 2000 ஆர்பிஎம்மில் சூடு வந்தால் ஏர் லாக்கோ (கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று), கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் தேய்ந்ததோ காரணமாக இருக்கும். ஏர் லாக் என்றால், வண்டியின் கையேட்டில் சொன்ன முறைப்படி காற்று வெளியேற வைத்திருக்கும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து காற்றை வெளியேற்றி, தண்ணீரோடு 50:50 கலந்த கூலன்ட் ஊற்றுங்கள்.

ஊற்றியும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் கசிவு இருக்கிறது. இனிப்பான வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், முன் இருக்கைக் கால்மிதியில் ஈரம் எல்லாம் கோர் ஓட்டையின் அடையாளம். காற்றை எடுத்த பிறகும் கூலன்ட்டில் குமிழிகள் ஓயாமல் வந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் இடையில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். சோதித்துப் பார்க்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.